கழுத்தளவு வெந்நீர்

மூன்று வருடங்களுக்கு முன், எங்கள் பத்தாவது கல்யாண நாளில் நடந்தது இது. இமாச்சலத்தில் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்த என் நாத்தனார் போன் முழுக்கப் படம் காட்டியதிலிருந்து, எனக்கும் அப்படி ஒரு முறை குளித்துவிட வேண்டும் என்று ஆசை. என் நச்சரிப்புத் தாங்காமல் கணவர், புதுச்சேரி கடற்கரைக்குப் பக்கத்தில் பழைய பிரெஞ்சு வீட்டை மாற்றிக் கட்டிய ஓட்டலில் ஒருநாள் அறை எடுத்தார். அங்கே ஒரு வெந்நீர்க் குளம் உண்டு. முதலியார்பேட்டையிலிருந்து பெட்டியோடு ஆட்டோ ஏறி அதே ஊருக்குள் டூர் போன குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

மதியம் பெண்களுக்கான நேரம். குளம் பின்கட்டில் இருந்தது. ஜன்னலே இல்லை. மங்கலாக ஒரு விளக்கு, எதிர்ச்சுவர் தெரியாத அளவுக்கு ஆவி. துண்டு கொடுத்த பெண், "கால் மணி நேரத்துக்கு மேல இருக்காதீங்கக்கா, மயக்கம் வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் இறங்கி உட்கார்ந்த பிறகுதான் எதிர் ஓரத்தில் ஒரு தலை இருப்பது தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மார்பளவு தண்ணீர், கழுத்தில் பவழ மாலை. சற்று முன்பு வரவேற்பறையில் போனில் பிரெஞ்சு பேசிக்கொண்டிருந்தவர்தான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமைக் கார்டும் வாங்கியவர்களின் குடும்பங்களை எங்கள் ஊரில் 'சொல்தா வீடு' என்போம். அவர்களுக்குக் கொஞ்சம் ராங்கி என்று எங்களுக்கு நாங்களாகவே ஒரு நினைப்பு.

எனக்கோ வாய் சும்மா இருக்காது. சூடு அதிகமாக இல்லையா என்று கேட்டேன். "ம்" என்றார். பாரீசிலிருந்து வந்திருக்கிறீர்களா என்றேன். அதற்கும் "ம்". கண் பாதி திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், வெறும் சுவர்.

நாத்தனார் கதை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி "ம்". எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரெஞ்சு கார்டு இருந்தா வாய்கூட தொறக்க மாட்டாங்க போல" என்று காதில் விழும்படியே முணுமுணுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன்பிறகு எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான். நான் எதுவுமே கேட்காதபோதும் அந்த "ம்" வந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. யாருக்குப் பதில் சொல்கிறார்? அத்தனை சூட்டிலும் என் உடம்பு சில்லிட்டது. வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தேன். அப்போது பார்த்தால் பவழ மாலையைக் காணோம். தண்ணீர் அவருடைய மோவாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையைக்கூட அசைக்காமல், அவர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் பின்வாங்கத்தான் செய்தேன். பேய் பயம். தண்ணீர் உதட்டை மூடி, அடுத்த "ம்" குமிழியாக வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. பாய்ந்துபோய் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். ஈரத் துணிமூட்டையாகக் கனத்தார். என் கூச்சல் கேட்டுத் துண்டு கொடுத்த பெண் ஓடிவந்தாள். இருவருமாக மேலே ஏற்றிப் படுக்க வைத்தோம், ஆம்புலன்ஸ் வந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வெந்நீரில் வெகுநேரம் உட்கார்ந்ததில் அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிட்டதாம்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். அவருக்குப் பாரீசும் இல்லை, ஒன்றும் இல்லை, எங்கள் ஊர்க் கருவடிக்குப்பம்தான். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பேசினது பூரா கேட்டுச்சும்மா. கை கால் வரல, நாக்கு பொரளல. உன் கொரலப் புடிச்சிகிட்டுதான் நெனவு தப்பாம இருந்தேன். நீ பேச்ச நிறுத்தினியே, அப்பதான் பயந்துட்டேன்."

நான் முணுமுணுத்ததும் கேட்டதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருக்கும். இப்போதெல்லாம் யாராவது பதில் பேசாவிட்டால், அதைத் திமிர் என்று முடிவு கட்டுவதற்குமுன் பக்கத்தில் போய் அவர்கள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிடுகிறேன்.