முன் வரிசையில் ஒரு நாற்காலி காலி

இன்று மாலை அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நவீன நாடகம் பார்த்தேன்.

மேடையில் ஒரே ஒரு நடிகை. ரவிக்கையும் உள்பாவாடையுமாக உட்கார்ந்து, தன் உடம்புக்கு என்ன பிடிக்கும், இருபது வருஷமாகியும் புருஷனுக்கு அது ஏன் தெரியவில்லை என்று நிதானமாகச் சொன்னாள்.

பாதியிலேயே முன் வரிசையிலிருந்து எங்கள் ஊர் கோயில் கமிட்டித் தலைவர் எழுந்தார். நாற்காலியை உதைக்காத குறையாக வெளியே போனார்.

நாடகம் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், கீழப்பழுவூர் பஸ் கிடைக்காமல் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

"ஏங்க டீச்சர், முழுசா பாத்துட்டா வரீங்க? பொம்பளைங்க பாக்குற நாடகமா அது?"

"திருவிழாவுல ரெக்கார்டு டான்ஸ் வச்சீங்களே, அப்ப முன்னாடி சேர் போட்டு உக்காந்துதானே பாத்தீங்க? அவங்க இதைவிடக் கொறச்சலாத்தான் உடுத்தியிருந்தாங்க."

"அது சாமி காரியம்மா. அந்தப் பொண்ணுங்க ஆடுனாங்க, போனாங்க. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுனாங்களா?"

அவரே சொல்லிவிட்டார்.

நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்: "நாளைக்கும் நாடகம் இருக்குங்க. நான் மறுபடியும் போறேன்."

முன் வரிசையில் அவர் நாற்காலி நாளைக்குக் காலிதான். யார் வருகிறீர்கள்?