தேசி மரத்துப் புனிதர்

தொண்ணூறுகளின் நடுவில் என் தம்பி வழியில் இருந்தான். அந்த நாட்களில் ரொறன்ரோவில் எங்கள் சனம் ஒருவனை 'வழியில் இருக்கிறான்' என்றால் மேற்கொண்டு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஏஜென்சிக்காரன் அவனைக் கொழும்பில் விமானம் ஏற்றி மொஸ்கோவில் இறக்கியிருந்தான். அங்கிருந்து களவாக எல்லை எல்லையாகக் கடந்து ஜெர்மனி, பிறகு எப்படியாவது எங்களிடம். மொஸ்கோவிலிருந்து இரண்டு தரம் பேசினான். பிறகு சத்தமே இல்லை. ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மெண்டில் அம்மா தொலைபேசிக்குப் பக்கத்திலேயே சாப்பிட்டார், அதன் பக்கத்திலேயே படுத்தார்.

அந்த மாரியில்தான் ஆங்கில வகுப்பிலிருந்து எங்களை நகரத்து நூதனசாலைக்குக் கூட்டிப்போனார்கள். ஓர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், வர்ணமெல்லாம் போய் வெறும் மரமாக ஒரு புனிதரின் சுரூபம் நின்றது. குழந்தை யேசுவைத் தூக்கியிருந்தார். முழங்காலுக்குக் கீழே புழு அரித்து ஒன்றுமே மிச்சமில்லை. குழந்தையோடு ஒருவரைக் கண்டால் எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அந்தோனியார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாய்விட்டுவிட்டேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். எங்கள் தேவாலயத்தில் ஓர் அந்தோனியார் இருந்தார், இல்லையென்றில்லை. ஆனால் அவர் பிளாஸ்டர், கன்னம் இரண்டும் சிவப்பு. கஷ்டம் தெரியாத முகம் என்று அம்மாவுக்கு அவரில் பெரிய நம்பிக்கை இல்லை. நூதனசாலையில் செவ்வாய்க்கிழமை பின்னேரம் காசில்லாமல் விடுவார்கள் என்று நான் சொன்னதும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். செவ்வாய் அந்தோனியாருடைய நாள். இதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

அந்தோனியாருக்கு நேர்ந்தால் பாண், அதாவது ரொட்டி, தானம் கொடுக்க வேண்டும். அம்மா வெட்டின பாண் ஒரு பைக்கற்றைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு சப்வே ஏறினார். சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று நான் கத்த, சரி என்று வாசற்படியிலேயே நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாக நீட்டத் தொடங்கினார். எனக்கு மானம் போனது. பெரும்பாலானவர்கள் விலகிப் போனார்கள். பக்கத்தில் ஹொட்டோக் விற்றுக்கொண்டிருந்தவர் மட்டும், தன்னிடமே ஒரு பெட்டி நிறையப் பாண் இருக்க, ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டார். அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

உள்ளே போய் நின்றபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. இவருக்குத் தாடி இருந்தது. அந்தோனியாருக்கு ஏது தாடி என்று கேட்டேன்.

"இவ்வளவு தூரம் வந்த மனுசன், எங்கை சவரம் எடுக்கிறது?" என்றார் அம்மா.

பெட்டியின் கீழே ஒட்டியிருந்த விவரத்தை நான் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தேன். அந்தோனியார் இல்லை, கிறிஸ்தோபர். தெற்கு ஜெர்மனியில் ஐந்நூறு வருசத்துக்கு முந்திச் செய்தது. அடுத்திருந்த லைம் மரம் என்ற சொல்லை நான் தேசி மரம் என்று அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். எங்களுக்கு லைம் என்றால் தேசிக்காய், எலுமிச்சைதானே. அது வேறொரு பெருமரம் என்று அறிய எனக்குப் பல வருசம் பிடித்தது. அம்மா வாயில் கைவைத்தார். தேசி மரம் முள்ளும் சுள்ளியுமாக ஆளுயரத்துக்குச் சற்று மேலே போகும், அதில் இப்படியொரு ஆளை எடுக்க முடியுமென்றால் ஜெர்மனி சும்மா நாடில்லை, தம்பி அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வான் என்றார். ஆள் மாறிப்போனதற்கும் அவர் கலங்கவில்லை. கிறிஸ்தோபர் வழிப்போக்கர்களை ஆறு கடத்திவிடுகிறவர், தோளில் குழந்தையை ஏற்றி ஆற்றைக் கடந்தவர் என்று நான் சொன்னதும் முகம் தெளிந்தது.

"அப்ப இவர்தான் சரியான ஆள். தம்பி காணாமல் போகேல்லை, வழியிலைதானே இருக்கிறான்."

அதன் பிறகு ஒரு செவ்வாயும் தப்பவில்லை. விரலை முத்தமிட்டுக் கண்ணாடியில் வைப்பார். காவலுக்கு நின்ற பெண் வந்து துடைத்துவிட்டுப் போவாள்.

பனி கரையத் தொடங்கிய ஒரு காலையில் ஜெர்மனியிலிருந்து தொலைபேசி வந்தது. தம்பியோடு போன ஒருவன். போலந்து எல்லையில் ஓர் ஆறு, அதைத் தாண்டினால் ஜெர்மனி. ஏஜென்சிக்காரன் எல்லாரையும் தண்ணீரில் இறங்கி நடக்கச் சொல்லியிருக்கிறான். "தண்ணி நெஞ்சளவுதான் அக்கா. குளிர்தான் ஆளைக் கொண்டுபோட்டுது" என்றான். தம்பி கிட்டத்தட்டக் கரைக்கு வந்துவிட்டானாம். உடல் கிடைக்கவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

கிழமைக்கணக்காக அவர் செபிக்கவில்லை. செபமாலை வைத்த இடத்திலேயே கிடந்தது. பிறகு ஒரு செவ்வாய், கேட்காமலே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றுதான் விரும்பினேன். எனக்கே அவ்வளவு ஆத்திரம். ஆறு கடத்துகிறவராம், அதுவும் அவருடைய சொந்த நாட்டு வாசலில், நெஞ்சளவுத் தண்ணீரில் கைவிட்டுவிட்டார்.

கண்ணாடிக்கு முன்னால் அம்மா அப்படியே நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"இவரை நம்பித்தானே இருந்தனீங்கள். கேளுங்கோ அம்மா."

அம்மா மரத்தோளில் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தைக் கேக்கிறது பிள்ளை? அவரின்ரை தோளிலை முதலே ஒரு பிள்ளை இருக்குது. அதை இறக்கிவிட்டிட்டு என்ரை பிள்ளையைத் தூக்கெண்டு நான் எப்பிடிச் சொல்ல? அதுக்கும் ஒரு தாய் இருக்கிறா."

அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவில், நான் முதல் தடவையாகத் தம்பிக்காக அழுதேன். அம்மா அவரை மன்னித்துவிட்டார். எனக்கு அந்தக் குழந்தையின் மேலேயே கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.