துடக்குக் கழிந்த பிறகும்

எங்கள் முதல் பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில், ஆஸ்பத்திரியில் பிறந்தது. தலை வர வழி போதாதென்று கீறித் தைத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டி அனுப்பும்போது அந்தத் தையலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாங்கள் இருந்தது மாமி வீட்டில். பிள்ளைப்பேற்றுத் தீட்டாகிய துடக்கைக் கழிக்கும் நாளில் வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளைக்கு மொட்டையடித்து முடித்ததும், மாமி எங்கள் இருவருக்கும் அறையில் ஒரே பாயை விரித்துவிட்டார். துடக்குப் போனால் தாயின் உடம்பும் தேறிவிட்டது என்றுதான் ஊரே நினைத்தது.

என் மனைவியோ இன்னும் ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காருவாள். ஒருமுறை சேர முயன்றோம். என் கையை இறுக்கிப் பிடித்து, "ஏலாது" என்றாள். அதோடு விட்டோம். ஒரே பாயில் படுக்கவே எனக்குப் பயமாகிவிட்டது. வட்டையில், வயல் நடுவே உள்ள காவல் குடிலுக்குப் படுக்கப் போனேன்.

"வெட்டி முடிஞ்ச வட்டையில என்ன காவல் மருமகன்? ஆனை வந்து வைக்கலைத் தூக்கிட்டுப் போகுமோ?" என்றார் மாமி.

மனைவிக்கு இந்த நோவு ஆறுமா, இப்படியே நின்றுவிடுமா என்று யாரிடம் கேட்பது? கடைசியில் இருவரும் ஆஸ்பத்திரிக்குத் தோணி ஏறினோம்.

"நீங்க மிசியிட்டக் கேளுங்க. எனக்கு வெக்கமா இரிக்கு," என்றாள் அவள்.

"எனக்கு மட்டும் இல்லியா?"

ஆஸ்பத்திரியில் நீள வாங்கில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தாதியிடம் போய், "மிசி, தையல் போட்ட இடம்... எப்ப..." என்றதோடு என் வாய் அடைத்துவிட்டது.

மிசி சிரித்தார். "எப்ப எப்ப எண்டுதான் எல்லா ஆம்பிளையளும் வாறாங்க. கொஞ்சம் பொறுத்தா என்ன?"

வாங்கே சிரித்தது. நோவு எப்போது ஆறும் என்றல்லவா கேட்க வந்தேன்!

"அவர் பொறுத்துத்தான் இரிக்கார் மிசி," என்று என் மனைவி எழுந்தாள். "நோகுறது எனக்கு. கேக்கச் சொன்னதும் நான்தான்."

மிசி சிரிப்பை நிறுத்தி, அவளை உள்ளே கூட்டிப்போய்ப் பார்த்தார். தையல் ஓரம் தடித்திருக்கிறதாம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் உட்கார்ந்து எழும்ப வேண்டும், நோவு போகும்வரை சேரக் கூடாது, திரும்ப வந்து காட்ட வேண்டும். இவ்வளவுதான். இதைத் துண்டு வெட்டிய அன்றைக்கே சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

வீட்டில் மாமி, "என்னவாம்?" என்றார்.

"துடக்குத்தான் கழிஞ்சதாம். புண் இன்னும் ஆறல்லயாம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணியில இரிக்கட்டாம்," என்றாள் என் மனைவி.

மாமி போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதை முன்னமே எனக்கிட்டச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லியா?" என்று என்னைத்தான் ஏசினார்.