அம்மாவின் தாடை சொன்ன மறுப்பு

பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்கள். என்னை அவர்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

எங்கள் மலையில் வெற்றிலைத் தட்டை நீட்டுமுன் சம்பந்தம் பேசும் தாய்மார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வாய் இறுகியிருந்தால் இஷ்டமில்லை. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

"இன்னாம்மா, மூஞ்ச அப்பிடி வெச்சினு இருந்த?"

"எப்பிடிடி வெச்சேன்? சும்மாதான இருந்தேன்!"

சும்மாதான் இருந்தாள். தினமும் பார்த்த முகத்தை அன்றுதான் பார்த்தேன்: மோவாய் மேலேறி மூக்கைத் தேடுகிறது, உதடு உள்ளே மடிந்து கிடக்கிறது. திருகையின் கல்பொடி கலந்த சாமைச் சோறு, கயிறு திரிக்கப் பல்லில் கடித்துப் பிடித்த கத்தாழை நார், எல்லாம் சேர்ந்து பற்களை ஈறுவரை அரைத்திருந்தன. 'ச' சொல்லத் தாடையை முன்னே தள்ளுவாள்; பாதி காற்றாகப் போகும்.

திருப்பத்தூர் பல் டாக்டர் சொன்னார்: "பல்லு தேயத் தேய தாடை மேல ஏறிடுச்சும்மா. வாய மூடினாலே கோவமா இருக்கற மாதிரி தெரியும்."

தேய்ந்த பல்மேல் மாட்ட ஒரு தகடு செய்து கொடுத்தார். மாட்டினாள். முகம் நீண்டது, உதடு மலர்ந்தது. கண்ணாடியைப் பார்த்து அலறினாள்: "யாருடி இவ?"

எனக்கும் தெரியவில்லை.

புதூர்நாட்டுச் சந்தையில், புளி நிறுக்கும் இடத்தில், அன்று பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தாள். அம்மா நேரே போனாள். தகடு டக் டக்கென்று இடிக்க, "எனக்குச் சம்மதங்க. அன்னிக்கே சம்மதந்தாங்க" என்றாள்.

"நீங்க யாருங்க?"

"பொண்ணுக்கு அம்மாங்க."

"அந்தம்மா சிடுமூஞ்சியாச்சே!"

நடுச்சந்தையில் அம்மா தகட்டைக் கழற்றிவிட்டாள். முகம் பொசுக்கென்று உள்ளே விழுந்தது. "அதுவும் நாந்தாங்க," என்றாள், தாடையைத் துருத்தி.

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. விரலைத் தன் வாய்க்குள் விட்டுப் பல்லைத் தடவினாள். மறுபடியும் தடவினாள். அவளும் கயிறு திரிப்பவள்தான். முகம் வெளிறிப்போனது.

"எம் பையனுக்கு ரெண்டு எடம் தட்டிப்போச்சு. காரணமே தெரியல... எம் மூஞ்சினாலதானா?"

அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வெத்தலத் தட்டு அப்பறம் கொண்டாறேங்க. மொதல்ல அந்த டாக்டரு வூடு எங்கன்னு சொல்லுங்க."