என் வீட்டுக்காரர் செய்த கதிர்த் துப்பாக்கி

என் வீட்டுக்காரருக்கு வேலை, விண்வெளிப் படங்களுக்குக் கதிர்த் துப்பாக்கி செய்வது. பத்தொன்பது வருஷமாக வேற்றுக்கிரகவாசிகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடித்தவர். வீட்டில் ஒரு கரப்பான்பூச்சி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். என் ஹேர் டிரையர், குளியலறை ஷவர், வாக்குவம் கிளீனர் குழாய் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பிறகு வெள்ளி பெயின்ட் பூசிக்கொண்டு திரையில் வந்து நிற்கும். எதிலிருந்தும் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வராது. கதிரையெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் வரைந்துகொள்வார்கள்.

அந்தக் கதிர் பட்டுச் சாகிறவன் என் தம்பி. வேலையை வாங்கிக் கொடுத்து, பாடம் நடத்தியவரும் இவர்தான்.

"குழாய் வாயையே பாரு மாப்ளே. கண்ணைச் சிமிட்டாதே. சிமிட்டினா திரும்ப முதல்லேருந்து எடுக்கணும்பாங்க."

தம்பி கெட்டிக்காரன். கண்ணை அகல விரித்துக்கொண்டு அவன் சாகிற அழகுக்காகவே படத்துக்குப் படம் கூப்பிட்டார்கள்.

போன மாதம் வந்த புது இயக்குநருக்கு வரைந்த வெளிச்சம் ஆகாது. நிஜ வெளிச்சம்தான் முகத்தில் விழவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். இவர் பழுதான ப்ரொஜெக்டர் ஒன்றைப் பிரித்து, அதிலிருந்த லேசரைத் துப்பாக்கிக்குள் வைத்தார். சமையலறைச் சுவரில் அடித்துக் காட்டினார். நீலமாக ஒரு பொட்டு. அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். இந்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? பொய்த் துப்பாக்கிகளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதில், இது நிஜமாகவே சுடும் என்ற நினைப்பு எங்கள் இருவருக்குமே வரவில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இவர் ஃபோன் செய்தார். "கண் ஆஸ்பத்திரிக்கு வா" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

தம்பி பச்சைச் சாயம் பூசிய முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா கண்ணை மூடல? சுட்டதும் மூடியிருக்க வேண்டியதுதானே!"

"நீங்கதானே அத்தான் சிமிட்டக் கூடாதுன்னு சொன்னீங்க?"

அவன் குரலில் கோபமே இல்லை. இவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இடது கண்ணுல நடுப்பகுதி வெந்துபோயிருக்கு. போன பார்வை திரும்பாது. எவ்வளவு மிச்சம்னு பார்ப்போம்" என்று சொல்லி, தம்பியின் வலது கண்ணை ஓர் அட்டையால் மறைத்தார். "அக்கா முகத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

நான் குனிந்து அவன் எதிரே நின்றேன்.

"முடி தெரியுது. ரெண்டு கம்மலும் தெரியுது" என்றான் தம்பி. "நடுவுல உன் முகத்தைத்தான் காணோம்."

இன்னும் கிட்டே போனேன். "இப்ப தெரியுதாடா?"

"இல்லக்கா."