பொன்னி போட்ட ஊசி

தேவனாம்பட்டினத்துப் பொன்னியின் தலைமகன் 2004-இல் பிறந்து பதினெட்டே நாளில் இறந்துபோனான். குடித்த பாலையெல்லாம் கக்கிக் கக்கித் துவண்டு போனவனுக்கு வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து அன்பரசு பிறந்தான். பன்னிரண்டாம் நாள் அவனும் கக்க ஆரம்பித்தான். பக்கத்துக் கிளினிக்கில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பொன்னி போகவில்லை. கணவன் காசிநாதனையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினாள்.

“மொதப் புள்ளயும் இப்பிடித்தான் போச்சு டாக்டரம்மா. இது வயித்துப்போக்கு இல்ல. ரத்தத்தப் பாருங்க.”

டாக்டர் பிரிசில்லா பார்த்தார். ரத்தத்தில் உப்பு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மேல்பரிசோதனைகளும் முடிந்தபிறகு பொன்னியை உட்காரவைத்துச் சொன்னார்.

“கொலஸ்ட்ரால்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதுலேருந்துதான் உடம்பு பித்த உப்பும் செய்யுது, சில ஹார்மோனும் செய்யுது. ஹார்மோன் செய்யற எடத்துல உங்க புள்ளைக்கு ஒரு என்சைம் இல்ல. அந்த ஹார்மோன் இல்லாததால ரத்தத்துல இருக்கற உப்பு உடம்புல தங்காம மூத்திரத்துல போயிடுது. காய்ச்சல் வந்தா தாங்குற சக்தியும் இல்ல. மாத்திரை குடுத்தா நல்லா வளருவான். ஒரு வேளகூட தவறக்கூடாது.”

ஒரு வேளைகூடத் தவறவில்லை. காய்ச்சல் என்றால் மாத்திரையை மூன்று மடங்காக்கவும், அதையும் வாந்தியெடுத்தால் தொடையில் ஊசி போடவும் கற்றுக்கொண்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள், சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினாள்.

2011 டிசம்பர் கடைசியில் ‘தானே’ புயல் கடலூரில் கரையேறிய காலையில் அவர்கள் ஊராரோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். ஐந்து வயது அன்பரசுக்கு முந்தின நாளே காய்ச்சல். கொடுத்த மாத்திரையை இரண்டு முறையும் கக்கிவிட்டான். கண் செருகியது. வெளியே மரங்கள் சாய்ந்து வழியடைத்துக் கிடந்தன. போனும் செத்துவிட்டது.

“வேணாம் பொன்னி, ஏதாவது ஆயிட்டா?” என்றான் காசிநாதன்.

“போடலன்னாத்தான் ஆவும். கால கெட்டியாப் புடி.”

கையோடு எடுத்துவந்திருந்த மருந்துப் புட்டியில் பாதியை ஊசியில் இழுத்தாள். காற்றுக்குமிழைத் தட்டி வெளியேற்றினாள். காசிநாதன் பையனின் காலை அழுத்திப் பிடித்தான். ஊசி இறங்கியது. பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். உச்சிப்பொழுதுக்குள் பையன் கண் திறந்து, “பசிக்குதும்மா” என்றான். பொன்னிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வழி திறந்ததும் சிதம்பரம் போனார்கள். ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பிரிசில்லா காகிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்து பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் பக்கத்துல இருந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்.”

காசிநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார்டில் யாரென்றே தெரியாதவர்களிடமெல்லாம் போய், “ஊசி போட்டது டாக்டர் இல்லீங்க, எம் பொண்டாட்டி!” என்று சொல்லிக்கொண்டிருந்தான். பொன்னி தடுக்கவில்லை.