அம்மா சுத்தம் செய்த கரை

என் அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடி, நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு லயத்து அறைக்கு வந்த பிறகும் அவள் கை எதையாவது தேடிக்கொண்டே இருக்கும். அந்தக் குணம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் அலுப்பாக வருகிறது.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்குத் தோட்டமே வெறுத்துப்போனது. முதுகுவலி ஒரு பக்கம், கங்காணியின் வாய் ஒரு பக்கம். அப்பா கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றார், பண்டிகைக்குத்தான் வருவார். அந்த நேரம் பார்த்துப் பொத்துவில் பக்கம் கல்யாணம் கட்டிப் போயிருந்த மாமா, அம்மாவின் தம்பி, போனில் கூப்பிட்டார். கடல்நீர் வந்து தேங்கும் களப்பின் ஓரத்தில் அத்தையின் சீதனக் காணி சும்மா கிடக்கிறது, ஒரு குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிடலாம் என்றார். டிசம்பர் லீவு விட்டதும் மூட்டை கட்டிப் பஸ் ஏறினோம். அம்மா அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

காணியின் கரை நெடுக முழங்கால் உயரத்துக்கு ஒரு புல், உப்புத் தண்ணீரிலேயே வேர்விட்டு நின்றது. இலையை நக்கினால் கரித்தது. அதன் அடியில் நகமளவு இறால் குஞ்சுகள் பதுங்கிக் கிடந்தன. நான் அங்கேயே பழியாய்க் கிடந்தேன்.

அம்மாவின் கண்ணில் பட்டது புல் மட்டும்தான். தோட்டத்தில் புல்வெட்டுக்குப் போகும் நாளில் ஒரு வேர் மிச்சமிருந்தாலும் கங்காணி அரைப்பேர் போட்டுவிடுவார், பாதிக் கூலி போச்சு. புல் என்றால் அவளுக்கு முடிக்காத வேலை.

மாமாவும் அத்தையும் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அம்மா மண்வெட்டியால் அத்தனையையும் வேரோடு பெயர்த்துக் குவித்துவிட்டாள். அத்தை சந்தோஷப்படுவாள் என்று முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அத்தை கரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

“மச்சாள், இந்தப் புல்லுதானே கரையப் புடிச்சிக்கொண்டு நிண்டது!”

“எனக்கு எப்புடிங்க தெரியும்? புல்லுன்னா வெட்டத்தானே சொல்லிக் குடுத்தாங்க” என்றாள் அம்மா.

“விடுங்கக்கா, திரும்ப வளரும்” என்றார் மாமா. பிடுங்கியதை மூவருமாக மறுபடி நட்டும் பார்த்தார்கள்.

வேர் பிடிக்க மழை விடவில்லை. களப்பு பொங்கி அலையடிக்க, வெறும் சேறு பாளம் பாளமாக இடிந்தது. பக்கத்துக் காணியில் புல் நின்ற கரை அசையவில்லை. எங்கள் குடிசைக்கு மூலைக்கம்பு நட்டிருந்த இடம் தண்ணீருக்குள் போனது. வழக்கமாக மாமா கரையோரம் வலை வீசும் இடத்தில் இறாலும் படவில்லை. அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். லீவு முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம்.

எனக்கோ கொண்டாட்டம். லயத்துச் சிநேகிதிகளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. மொனராகலை தாண்டி, பசறை ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறியபோது குளிர்காற்று அடித்தது, தேயிலை தெரிந்தது.

“அம்மா, நம்ம ஊரு வந்துருச்சு!” என்று கைதட்டினேன்.

“ஆமாடி, வந்துருச்சு” என்று சொல்லிவிட்டு அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

குளிருகிறதாக்கும் என்று நான் ஜன்னலைச் சாத்தினேன்.